சேர்வராயன் மலையைப் படம் பிடிக்கலாம், பைலட் பிடிக்க வேண்டாம்

கேள்வி: வணக்கம் சார். சேலத்தில் விமானப் பயிற்சி எடுக்கிறேன், செஸ்னா 172-ல். முதல் சோலோ, அதாவது தனியாகப் பறப்பது, முடிந்துவிட்டது. அடுத்து சோலோ கிராஸ் கன்ட்ரி, தனியாக வேறு ஊர் வரை போகும் நீண்ட பயணம். அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் என் தாத்தா விமானத்தில் ஏறியதே இல்லை. நம்ம ஊரும் ஏற்காடும் மேலே இருந்து எப்படித் தெரியும் என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அண்ணன் தன் ஆக்‌ஷன் கேமராக்கள் இரண்டைத் தருகிறான். ஒன்றை வெளியே இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டில் மாட்டி, இன்னொன்றை உள்ளே என் முகம் தெரிகிற மாதிரி வைத்து, கிராஸ் கன்ட்ரி போகிற வழியில் ஏற்காடு ஏரியையும் சேர்வராயன் கோயிலையும் ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று ஆசை. இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டேன். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை. வெளிநாட்டுப் பைலட்டுகள் எல்லாரும் மாட்டுகிறார்களே! நூற்றைம்பது கிராம் கேமரா ஒரு விமானத்தை என்ன செய்துவிடும்?

– வாசகி, சூரமங்கலம்

பதில்: கேமரா ஒன்றும் செய்யாது அம்மணி. அந்தக் கேமராவுக்காக நீங்கள் விமானத்தை என்ன செய்வீர்கள் என்பதுதான் உங்கள் இன்ஸ்ட்ரக்டரின் கவலை. ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது அவர் செய்த தவறு என்று சொல்ல மாட்டேன். பத்து மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது எல்லாருக்கும் பாடம் நடத்த முடியாது. அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பதை நான் சொல்கிறேன். ஆசை நியாயமானது. போட்ட திட்டத்தில்தான் பாதிக்கு மேல் மாற்ற வேண்டியிருக்கிறது.

நூற்றைம்பது கிராமிலேயே தொடங்குவோம். 2014 பிப்ரவரியில் பிரிட்டன் விமானப்படையின் வாயேஜர் விமானம் ஒன்று, ஏர்பஸ் ஏ330 வகை, ஆப்கானிஸ்தானுக்குப் பறந்துகொண்டிருந்தது. கருங்கடலுக்கு மேலே 33,000 அடி. உள்ளே சுமார் இருநூறு பேர். கேப்டன் தன் கேமராவில் படம் எடுத்துவிட்டு, அதைக் கைதாங்கிக்கும், விமானத்தை ஓட்டும் கைப்பிடியான சைடு ஸ்டிக்குக்கும் நடுவில் வைத்திருந்தார். பிறகு சீட்டை முன்னுக்கு நகர்த்தினார். கைதாங்கி கேமராவை அழுத்தியது, கேமரா ஸ்டிக்கை முன்னால் தள்ளியது. அரை நிமிடத்துக்குள் விமானம் 4,400 அடி கீழே பாய்ந்தது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதிக் காயப்பட்டார்கள். அத்தனை பெரிய விமானத்தின் கம்ப்யூட்டருக்கு, தள்ளுவது கையா கேமராவா என்று தெரியாது.

உங்கள் செஸ்னாவில் கம்ப்யூட்டர் கிடையாது, கம்பியும் கப்பியும்தான். ஒரு காரியம் செய்து பாருங்கள். நாளைக்கு ஹேங்கரில் விமானம் நிற்கும்போது, சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் பெடல்களுக்குப் பின்னால் பாருங்கள். பெடலுக்கும் முன்தடுப்புக்கும் இடையில் ஒரு கைக்குழி அளவு இடம் இருக்கிறது. ஆக்‌ஷன் கேமரா அதில் கச்சிதமாகப் போய் உட்காரும். தரையிறங்கியதும் வலது ரட்டரை மிதிக்கிறீர்கள், பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து எடுக்க முடியாது. பெல்ட் விடாது, ரன்வே காத்திருக்காது. பக்கத்தில் சீட் நகரும் தண்டவாளத்தையும் பாருங்கள். அதிலுள்ள துளைகளில் ஒரு ஊசி விழுந்துதான் உங்கள் சீட்டைப் பிடித்து நிறுத்துகிறது. கேமரா மவுண்ட்டிலிருந்து கழன்ற ஒரு கட்டைவிரல் திருகு அந்தத் துளையை அடைத்தால் ஊசி முழுதாக இறங்காது. டேக் ஆஃபில் மூக்கு தூக்கும்போது சீட் பின்னால் வழுக்கும். அப்போது கை எதைப் பிடிக்கும்? கன்ட்ரோல் வீலைத்தான். பிடித்துக்கொண்டே பின்னால் போவீர்கள்.

ஆகவே உள்ளே மாட்டுகிற கேமரா எதுவானாலும் இரண்டு பிடி வேண்டும். ஒன்று மவுண்ட். இன்னொன்று, மவுண்ட் விட்டுப்போனாலும் கேமரா பெடல் வரை எட்டாத அளவு குட்டையான ஒரு கயிறு. நீளக் கயிறு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கேமராவுக்குத் தூளி கட்டுகிற வேலை.

உறிஞ்சு கப்பைக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். வெயிலில் நின்ற விமானத்தின் ஜன்னலில் கப்பை அழுத்தி ஒட்டி, பல தடவை பிடுங்கியெடுத்தால் அந்த இடத்தில் வட்டமாக மெல்லிய கோடுகள் விழும். சூரியன் எதிரே வரும்போது அந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றாக மின்னும். எதிரே வரும் விமானத்தைத் தேட வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். கப் நன்றாக ஒட்டட்டும் என்று சானிடைசர் போட்டுத் துடைக்கிற பழக்கம் இன்னும் மோசம். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் வெடிப்பு விழும். கூடவே ஒரு கணக்கு. கப்பைப் பிடித்து வைத்திருப்பது வெளிக்காற்றின் அழுத்தம். நம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் அடியில் ஒட்டுகிறீர்கள். 7,500 அடிக்குப் போனால் வெளி அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தரையில் இழுத்துப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்ன கப், மேலே ஒரு குலுக்கலில் கையை விரிக்கலாம்.

காந்த மவுண்ட் வேண்டவே வேண்டாம். நம்பாவிட்டால் இன்ஜின் அணைத்திருக்கும்போது அதை காம்பஸ் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். விமானம் அசையாமல் நிற்க, காம்பஸ் அட்டை மட்டும் திரும்பி வரும். கிராஸ் கன்ட்ரியில் டைரக்‌ஷன் ஜைரோ என்ற திசை காட்டும் கருவியை எதை வைத்துச் சரிசெய்வீர்கள்? அந்தக் காம்பஸை வைத்துத்தானே. ஒரு தடவை தப்பாகச் சரிசெய்தால் அதற்குப் பிறகு இரண்டு கருவிகளும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும்.

இனி வெளியே. உங்கள் ஆசைகளில் ஆபத்தானது ஸ்ட்ரட் கேமராதான். ஆனால் வெளிநாட்டு வீடியோக்களில் அழகாக இருப்பதும் அதுதான்! இடதுபக்க ஸ்ட்ரட்டைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பறப்பதற்கு முந்தைய ப்ரீஃப்ளைட் சோதனையில் தினமும் தொட்டுப் பார்க்கிறீர்கள். அதைக் கேமராவோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். இறக்கையின் அடியில் பிடாட் குழாய், அது வேகமானிக்குக் காற்றுக் கொடுக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, வரப்போகிறது என்று எச்சரிக்கும் சின்னத் துவாரம், காற்றின் ஓட்டம் மாறும்போது ஊதும். ஸ்ட்ரட்டுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் வளைந்த சிறு குழாய், எரிபொருள் டேங்க்குக்குள் காற்று போகும் வழியான வென்ட். அந்த வென்ட் ஸ்ட்ரட்டின் மறைவில், அந்த இடத்துக் காற்றழுத்தத்தைக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. அதற்கு முன்னால் ஒரு சதுரப் பெட்டியை மாட்டினால் வென்ட்டில் அழுத்தம் என்ன ஆகும், டேங்க்கிலிருந்து பெட்ரோல் எப்படி வரும் என்று உங்கள் அண்ணனாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. விமான இன்ஜினியர்கள் கணக்குப் போட்டுச் சோதித்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

அதனால்தான் வெளியே எதை மாட்டினாலும் அது விமானத்தில் செய்யும் மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற பராமரிப்பு இன்ஜினியர், அதாவது உங்கள் ஏ.எம்.இ., அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்த்து மாட்டி, லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சி விமானம் உங்கள் சொத்தும் இல்லை. காப்பீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். வெளிநாட்டு வீடியோக்களில் பாதிப் பேர் தங்கள் சொந்த விமானத்தில், தங்கள் நாட்டு விதிப்படி அனுமதி வாங்கி மாட்டியிருப்பார்கள். மீதிப் பேர் அனுமதி வாங்காமலே மாட்டியிருப்பார்கள். வீடியோவைப் பார்த்து யார் எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க முடியாது.

கழன்று விழுந்தால்? 100 நாட் என்பது மணிக்கு 185 கிலோமீட்டர். ஸ்ட்ரட்டிலிருந்து விடுபட்ட கேமரா பின்னால் போகும் வழியில் வால் இறக்கை நிற்கிறது. அதைத் தாண்டிவிட்டால் கீழே ஓமலூர் சந்தை.

எனவே ஸ்ட்ரட் கேமராவை மறந்துவிடுங்கள். சோலோவில் மட்டும் அல்ல, லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஏ.எம்.இ. கையெழுத்து இல்லாமல் வேண்டாம்.

ரேடியோ இரைச்சலைப் பற்றிச் சுருக்கமாக. நம் ரேடியோ பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள். மலிவான யு.எஸ்.பி. சார்ஜர்களும் சில கேமராக்களும் அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். ஹெட்செட்டில் சர்ரென்று ஒரு சத்தம், அல்லது தூரத்து டவரின் குரல் மட்டும் கேட்காமல் போவது, இப்படித்தான் தெரியவரும். தரையில் இன்ஜின் ஓட, கேமராவைப் போட்டு, ரேடியோவில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவைத்துக் கேளுங்கள். ஜி.பி.எஸ். சிக்னல் குறைகிறதா என்றும் பாருங்கள். கேமராவின் வைஃபையை அணைத்துவிடுங்கள். பறக்கும்போது சார்ஜ் ஏற்றவே கூடாது. லித்தியம் பேட்டரி புகைய ஆரம்பித்தால் அந்தச் சின்னக் கேபினில் ஓடுவதற்கு இடம் இல்லை. காக்பிட்டில் இருக்கும் தீயணைப்பான் தீச்சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரியின் உள்சூட்டைத் தணிக்காது. உப்பிய பேட்டரியை விமானத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். சேலத்து மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த பேட்டரியையும் அன்றைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பொருள் சம்பந்தப்பட்டது. நல்ல மவுண்ட், நல்ல கயிறு, நல்ல ஏ.எம்.இ. இருந்தால் தீர்ந்துவிடும். தீராத ஒன்று இருக்கிறது. உள்ளே உங்கள் முகத்தைப் பார்க்கிற கேமரா.

2014 மே 31-ம் தேதி, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாட்கின்ஸ் என்ற ஊர் அருகே ஒரு செஸ்னா 150 வயலில் விழுந்தது. பைலட்டும் கூட வந்தவரும் இறந்தார்கள். சிதறிக் கிடந்தவற்றில் ஒரு கோப்ரோ கேமரா கிடைத்தது. விபத்து அதில் பதிவாகவில்லை. ஆனால் அதற்கு முன்பு அதே பைலட் பயணிகளை ஏற்றிச் சுற்றிய குட்டிக் குட்டிப் பயணங்கள் இருந்தன. அவரும் பயணிகளும் மாறி மாறிச் செல்போனில் செல்ஃபி எடுக்கிறார்கள். இரவுப் பயணத்தில் ஃபிளாஷும் போட்டு. விசாரித்த அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி., பைலட் திசையுணர்வு இழந்து கட்டுப்பாட்டை விட்டார், தாழ்வாகத் திரும்பும்போது செல்போனால் கவனம் சிதறியது அதற்கு ஒரு காரணம் என்று எழுதியது. இருட்டில் ஒரு ஃபிளாஷ் அடித்தால் இரவுப் பார்வை திரும்பி வரப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை கருவிகளும் மங்கல், வெளியேயும் கறுப்பு.

நீங்கள் ஃபிளாஷ் போடப் போவதில்லை, பகலில்தான் பறக்கிறீர்கள். ஆனாலும் முகத்துக்கு எதிரே ஒரு லென்ஸ் இருந்தால் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். மாணவர்களின் பதிவுகளை அவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேமரா இல்லாத நாளில் டவுன்விண்டில், அதாவது இறங்குவதற்கு முன் ரன்வேக்கு இணையாகப் பறக்கும்போது, தலை இடமும் வலமும் போய்க்கொண்டே இருக்கும். கேமரா இருக்கும் நாளில் ரேடியோ பேசி முடித்ததும் ஒரு புன்னகை, முடியை ஒரு தடவை ஒதுக்குவது, சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அந்தப் பார்வை இரண்டு விநாடிதான். இரண்டு விநாடியில் விமானம் நூறு மீட்டர் போயிருக்கும். கமலாபுரத்தில் நீங்கள் மட்டும் பறப்பதில்லை, பயணிகளோடு ஏ.டி.ஆர். விமானங்கள் வருகின்றன. "நம்பர் டூ, பார்த்துக்கொள்", அதாவது உனக்கு முன்னால் ஒரு விமானம் இறங்குகிறது, என்று டவர் சொன்னால் தேட வேண்டிய கண் அது.

இன்னொரு மாற்றமும் உண்டு, அது கண்ணில் படாது. இறங்க வரும் அப்ரோச் சரியில்லை, இறங்காமல் மறுபடி மேலேறும் கோ அரவுண்ட் போக வேண்டும். கேமரா இல்லாவிட்டால் உடனே போவீர்கள். கேமரா ஓடினால் "அழகாக இறங்கிவிட்டேன் என்று காட்ட வேண்டும்" என்ற நினைப்பு உள்ளே நுழையும். முகத்தைக் காட்டும் கேமராவை நான் சோலோவில் அனுமதிப்பதே இல்லை. பின்சீட்டுக்கு மேலே கூரையில் மாட்டி, இரண்டு தோள்களும் கருவிப் பலகையும் முன்கண்ணாடியும் தெரிகிற மாதிரி வைத்தால் அது வேறு கதை. பின்னால் இருப்பதை யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதில்லை. பறந்து முடித்த பிறகு உட்கார்ந்து அலசும் டீ-ப்ரீஃபிங்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தரை தொடுமுன் மூக்கைத் தூக்கும் ஃபிளேரில் கண் எங்கே இருந்தது, த்ராட்டிலை எப்போது மூடினீர்கள், சீட் பெல்ட்டைச் சரிபார்த்தேன் என்று வாயால் சொல்லிக் கையால் தொடாமல் விட்டீர்களா, எல்லாம் அப்படியே தெரியும். இன்ஸ்ட்ரக்டரிடம் மறுபடி கேட்கும்போது "தாத்தாவுக்காக" என்று ஆரம்பிக்காமல் "டீ-ப்ரீஃபிங்குக்காக" என்று ஆரம்பித்துப் பாருங்கள், முகம் கொஞ்சம் இளகும்.

பழக்கம் ஒன்றே ஒன்று. இன்ஜின் ஸ்டார்ட் செக்லிஸ்ட்டுக்கு முன்பு கேமராவைப் போட்டுவிடுங்கள், இன்ஜின் அணைத்து மாஸ்டர் சுவிட்சும் அணைத்த பிறகு நிறுத்துங்கள். நடுவில் அது உங்கள் கண்ணுக்கு இல்லாத பொருள். சூடேறித் தானே அணைந்துவிட்டதா, அணையட்டும். சேலத்தில் பத்து மணிக்கு மேல் வெயிலில் நின்ற விமானத்தில் 4கே-யில் ஓட விட்டால் பெரும்பாலும் அணையும். ரெசல்யூஷனைக் குறைத்து வையுங்கள், தாத்தாவின் டிவிக்கு அது தாராளம். மவுண்ட் சாய்ந்துவிட்டதா, வானமும் கூரையும்தான் பதிவாகிறதா, ஆகட்டும். ஏற்காடு மலைப்பாதையின் இருபது வளைவில் எதில் வேண்டுமானாலும் பைக்கை ஓரங்கட்டிவிட்டுக் கேமராவைச் சரிசெய்யலாம். ஆகாயத்தில் ஓரங்கட்ட இடமில்லை.

இப்போது மலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்த வரி "போகிற வழியில் ஒரு சுற்று" என்பதுதான்.

முதலில், சோலோ கிராஸ் கன்ட்ரிக்கு உங்களை அனுப்பும்போது பாதை, உயரம், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்தாகிறது. அதில் சேர்வராயன் கோயில் கிடையாது. வழிமாறிப் போனால் தேட வேண்டியவர்கள் தப்பான இடத்தில் தேடுவார்கள்.

அடுத்தது கணக்கு. விமான நிலையத்திலிருந்து ஏற்காடு நேர் கிழக்கே பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். பயண வேகத்தில் ஐந்து நிமிடம். ஏற்காடு ஊர் ஏறக்குறைய 5,000 அடியில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் நிற்கும் உச்சி 5,300 அடியைத் தாண்டும். அதற்கு மேல் 2,000 அடி இடைவெளி விட்டுப் பறக்க நீங்கள் 7,500 அடிக்குப் போக வேண்டும். நிமிடத்துக்கு 500 அடி ஏறினால் பதின்மூன்று நிமிடம். அதாவது நேராக மலையைப் பார்த்துக் கிளம்பினால், ஏறி முடிப்பதற்குள் மலை எதிரே வந்து நிற்கும். வெயில் காலத்தில் அந்த 500-ம் கிடைக்காது. தரையில் 38 டிகிரி என்றால் நம் ரன்வேயிலேயே காற்றின் அடர்த்தி 4,000 அடி உயரத்துக்கு உரியதாக இருக்கும். விமானத்தைப் பொறுத்தவரை மலையில் முக்கால்வாசி ஏறிய பிறகுதான் டேக் ஆஃபே ஆகிறது. ஆகவே ஓமலூர், தாரமங்கலம் பக்கச் சமவெளியில் சுற்றிச் சுற்றி ஏறி, உயரம் கையில் வந்த பிறகே கிழக்கே திரும்ப வேண்டும். எந்த மலை விளிம்பையும் நேருக்கு நேர் போய்த் தாண்டாதீர்கள். சாய்வாக நெருங்கினால், கீழிறங்கும் காற்றில் அகப்பட்டாலும் கொஞ்சம் திரும்பினாலே சமவெளிக்குத் தப்பிவிடலாம்.

மூன்றாவது, கேமராவுக்காகச் சுற்றுவது. கோயிலைச் சட்டகத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்த உடனே கை சாய்மானத்தைக் கூட்டும். 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 60 டிகிரியில் நாற்பது சதவீதத்துக்கு மேல். கண்ணோ வேகமானியில் இல்லை, கீழே கோயிலில் இருக்கிறது. காற்று உங்களை மலைப் பக்கம் தள்ளினால் வட்டம் கெடும், அதைச் சரிக்கட்ட இன்னும் இறுக்கித் திருப்புவீர்கள். அலாஸ்காவில் மூஸ் மானைச் சுற்றிப் பார்க்கப் போய் இப்படி விழுந்த சிறு விமானங்கள் இத்தனை அத்தனை இல்லை. அங்குள்ள பைலட்டுகள் இந்த ஸ்டாலுக்கு மூஸின் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் மலையில் மூஸ் கிடையாது, அதன் இடத்தில் சேர்வராயன் கோயில். போதாக்குறைக்கு ஆக்‌ஷன் கேமராவின் அகல லென்ஸ் எல்லாவற்றையும் தூரத்தில் காட்டும். மற்றவர்களின் வீடியோவில் மலை சின்னதாகத் தெரிந்ததே, அவர்கள் எவ்வளவு நெருங்கிப் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? உங்கள் வீடியோவில் மலை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நீங்கள் நெருங்கினால் மரக்கிளையில் போய் நிற்பீர்கள்.

சரி, விதி. 1937-ம் ஆண்டு விமான விதிகளில் 13-ம் விதி, அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துமூல அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்கிறது. பயணிகள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எடுக்கிறார்களே என்பீர்கள். அவர்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 2004-ல் வெளியிட்ட சுற்றறிக்கை வழிவிட்டது, அதுவும் நிபந்தனைகளோடு. காக்பிட்டில் உட்கார்ந்திருக்கும் மாணவி அந்தச் சலுகையில் சவாரி செய்ய முடியாது. உங்கள் பள்ளியின் தலைமை இன்ஸ்ட்ரக்டர் வழியாக எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் விமானங்கள் நிறுத்தும் ஏப்ரனும் இதில் அடங்கும், விமானத்துக்கு அருகில் நின்று எடுக்கும் போட்டோவும்கூட. மேட்டூர் பக்கம் போனால் அணையும் அனல்மின் நிலையமும் சட்டகத்தில் வரும். இப்படிப்பட்ட இடங்களைத் தவிர்ப்பதாகக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், அனுமதி கொடுப்பவருக்கும் நிம்மதி.

தாத்தாவுக்கு என்ன வழி? நான் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். சோலோவில் வேண்டாம், இன்ஸ்ட்ரக்டரும் கூட வரும் ஒரு டூயல் பயணத்தில் வைத்துக்கொள்வோம். பயிற்சிப் பாடமே மலைப் பக்கம் உயரத்தில் பறப்பது என்று இருக்கட்டும். நீங்கள் ஓட்டுங்கள், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில். பள்ளி அனுமதித்தால் பின்சீட்டில் சக மாணவர் ஒருவர் பார்வையாளராக வரட்டும். கேமரா அவர் கையில், மணிக்கட்டில் கயிறு மாட்டி. ஏறும்போதும் இறங்கும்போதும் அது பைக்குள் இருக்கும், ஜன்னலைத் திறக்கிற பேச்சே இல்லை. எங்கே பறப்பது என்று பைலட்டிடம் அவர் கேட்கக் கூடாது. வருகிற காட்சியை எடுத்துக்கொள்ள வேண்டும். எடை, சமநிலைக் கணக்கை மூன்று பேருக்கும் சேர்த்துப் போட மறக்காதீர்கள். முழு டேங்க்கோடு மூன்று பேர் என்றால் நான் சொன்ன அந்த 500 அடி இன்னும் குறையும்.

மாதம், பிப்ரவரி. நேரம், காலை எட்டு மணிக்கு முன். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே புரண்டு விழும், அப்போது கிழக்குச் சரிவின் பக்கம் போகவே வேண்டாம். பிப்ரவரியில் காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். காலை வெயிலும் கிழக்கிலிருந்துதான். ஆக, மலைக்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் பக்கம் போனால் காற்று மலைமேல் ஏறுகிற பக்கத்தில் இருப்பீர்கள், சரிவும் வெளிச்சத்தில் இருக்கும், தாத்தாவின் ஊரும் கீழேயே வந்துவிடும். ஏறுகாற்றுப் பக்கம் என்று நெருங்கிவிடாதீர்கள், காற்று உங்களையும் மலைப் பக்கம்தான் தள்ளும். டிசம்பர், ஜனவரியில் விடியலில் பனிமூட்டம் மலையையும் விழுங்கும், சில நாள் ரன்வேயையும் விழுங்கும். பத்து மணிக்கு மேல் சூடான பாறைகளிலிருந்து கிளம்பும் காற்று உங்கள் வீடியோவை மட்டுமா குலுக்கும், பின்சீட்டுக்காரர் வயிற்றையும் குலுக்கும்.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். முன்கண்ணாடி வழியாக எடுத்தால் ப்ரொப்பெல்லர் வளைந்து துண்டு துண்டாக மிதப்பதுபோல் பதிவாகும். கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிக்கிறது, ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையில் ப்ரொப்பெல்லர் நகர்ந்துவிடுகிறது. லென்ஸுக்கு முன்னால் என்.டி. ஃபில்டர் என்ற இருண்ட கண்ணாடியைப் போட்டால் ஷட்டர் மெதுவாகும், ப்ரொப்பெல்லர் மங்கலாகி மறையும். பக்க ஜன்னல் வழியாக எடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை.

எடுத்ததைத் தாத்தாவுக்குக் காட்டுவது ஒன்று, ஊருக்கே போடுவது வேறு. வெளியே போடுவதற்கு முன் இன்ஸ்ட்ரக்டர் ஒரு தடவை முழுதாகப் பார்க்கட்டும். டவரின் குரலும் மற்ற பைலட்டுகளின் குரலும் இருந்தால் எடுத்துவிடுங்கள். பதிவில் ஏதாவது தவறோ சம்பவமோ இருந்தால் அழிக்காமல் அப்படியே பள்ளியின் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள். விபத்து என்று ஆகிவிட்டால் அந்த மெமரி கார்டு விசாரணைக்குப் போக வேண்டிய சான்று, உங்கள் சொந்தப் பொருள் இல்லை. அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றை அந்தப் பயணத்தின் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். விமான நிலைய வாசலில் கேமராப் பையைப் பார்த்ததும் பாதுகாப்புக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.